மூன்றாம் தடத்தில் ஒரு கேரவன்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் இரண்டு முழங்கால்கள் மேல் ஆணை. அவற்றில் ஒன்று மட்டும் செயற்கை.

கோலின்தான் காரை ஓட்டினான். பின்னால் கொக்கியில் அவனுடைய கேரவன், படுக்கையும் அடுப்பும் உள்ள இழுவை வீடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலை. பிற்பகல் மூன்று மணி. ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் கண்ணாடியெங்கும் மூடுபனி. அவன் மனைவி மாவிஸ் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அவன் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்தக் கேரவனில் படுத்தால்தான் தூக்கம் வருகிறது என்பான், அவ்வளவுதான்.

அவனுடைய லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்பது கரும்புள்ளிகள். இன்னும் மூன்று விழுந்தால் லைசென்ஸ் போகும். இழுக்க ஆளில்லாத கேரவனையும் விற்க வேண்டியதுதான். மூன்று தடச் சாலையில் கேரவன் இழுப்பவன் வலது ஓரத் தடத்தில் ஏறக் கூடாது. ஏறினால் சரியாக மூன்று புள்ளி.

முன்னால் இரண்டு லாரிகள். ஒன்றையொன்று முந்துகிறேன் என்று அரை மணி நேரமாகப் பக்கம் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"கல்யாண ஊர்வலம் போறானுங்கடா," என்றேன்.

"போகட்டும். எனக்கென்ன அவசரம்?"

அப்போது வலது பக்கம், மூன்றாம் தடத்தில், வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கேரவன் வந்து ஒட்டி நின்றதுபோல் கூடவே ஓடியது. வழியில் இன்னொரு கேரவனைக் கண்டால் கையசைப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். கோலின் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டான்.

பிறகுதான் கவனித்தோம்.

அதை இழுக்க முன்னால் கார் இல்லை.

டயர் சத்தமும் இல்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் வந்தது. திரை மெல்ல விலகியது. உள்ளிருந்து எங்களுக்குப் பழகிய ஒரு கை பதிலுக்கு அசைந்தது.

"நார்மன்," என்று என்னிடம் கிசுகிசுத்தான் கோலின். "மாவிஸ்தானே?"

"அவளேதான்."

"என்ன சொல்றா?"

"அந்தப் பக்கம் வரச் சொல்றா."

"உயிரோட இருந்தப்ப ஓரமாப் போ, ஓரமாப் போன்னு காதைத் தின்னுவாளே."

"அதான் சொல்றேன். போகாதடா. மூணு புள்ளி."

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. வலது விளக்கைப் போட்டான்.

டிக்.

டிக்.

டிக்.

மூன்றாம் தடத்தில் ஏறினோம். தடம் காலி. வெண்ணெய் நிறக் கேரவனைக் காணோம். நான் ஜன்னலை இறக்கினேன். பின்னால், எங்கள் கேரவனுக்குள்ளிருந்து, கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா உட்கார்ந்துட்டாளா?" என்றான் கோலின்.

பத்தாம் நாள் போலீஸ் கடிதம் வந்தது. கூடவே நாங்கள் மூன்றாம் தடத்தில் போகும் புகைப்படம். லைசென்ஸ் போயிற்று. கோலின் கேரவனை வாசலில் நிறுத்தி விற்பனைக்கு என்று பலகை வைத்தான். வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா தூங்குறாங்க போல, அப்புறமா வரேங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். இதுவரை நான்கு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். கோலின் இப்போதும் அதில்தான் தூங்குகிறான்.

அந்த நெடுஞ்சாலைக்கு அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் இரண்டே தடங்கள்தான்.