ஒரு போர்டு... ஒரு லைசென்ஸ்!

பூனை செத்துக் கிடந்தது!

கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். நான்கு காலும் விறைத்து, வாய் பிளந்து...

"ரொடெல்!" அலறினாள் மரிசெல்.

சமையலறையிலிருந்து அவள் கணவன் எட்டிப் பார்த்தான். கையில் மாப்.

"கிழட்டுப் பூனை ஹனி, போய்ச் சேர்ந்துடுச்சு. முதல்ல செருப்பைக் கழட்டு. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

கல்யாணமான நாளிலிருந்து மாப்பைத் தொட்டே பார்க்காத மகராசன்!

செருப்பைக் கழற்றினாள். பாதத்தில் ஈரம் ஜில்லென்று ஏறியது.

"கம்ப்யூட்டரைப் பாரு. நீ கேட்ட மாதிரியே மெமரி ராம் சேர்த்துட்டேன். பறக்குது!"

பறக்கத்தான் செய்தது. ஆனால் திரையின் மூலையில் மங்கலாக ஒரு வரி... 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.'

"என்ன ரொடெல், புதுசா லைசென்ஸ் கேக்குது?"

"கீ நம்பர் பெட்டிக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பிப் பாரு."

குனிந்தாள். கையை நீட்டினாள்...

செல்போன் அலறியது!

"மேடம், கில்மோர் கம்ப்யூட்டர் கடையிலேருந்து நோனோய். உங்களுக்குக் கம்ப்யூட்டர் வித்தவன். புது மதர்போர்டு நல்லா ஓடுதா?"

"மதர்போர்டா? அவர் ராம் மட்டும்தானே வாங்கினார்?"

"ரெண்டும் வாங்கினாரே! பழைய போர்டைக் கொண்டாந்து காட்டினார். கருகிக் கிடந்துச்சு."

"அதான் லைசென்ஸ் கேக்குதா?"

"ஆமா மேடம். ராம் மாத்தினா கேக்காது. லைசென்ஸ் ஒரே ஒரு போர்டைத்தான் கட்டிக்கும். போர்டு போனா அதுவும் போச்சு! அதை விடுங்க... பெட்டியைத் தொட்டுடாதீங்க! நம்ம பிலிப்பைன்ஸ் பிளக்குல எர்த் ஏது? கரண்ட் கசிஞ்சா தகரம் பூராப் பாயும். நான் வந்து டெஸ்ட் பண்றவரைக்கும் யாரும் கை வைக்காதீங்கன்னு அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... சொல்லலையா?"

சொல்லவில்லை!

மரிசெல் பூனையைப் பார்த்தாள். ஈரத் தரையில் தன் வெறுங்காலைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி அவன் காலைப் பார்த்தாள்...

ரப்பர் செருப்பு!

போன மாதம் அவன் சுற்றிக்கொண்டிருந்த அந்த டாவாவ் ஊர்க்காரியைப் பற்றிச் சண்டை வந்தபோது, "என்னை விட்டுடு" என்று கெஞ்சினான். "பிலிப்பைன்ஸ்ல விவாகரத்தே கிடையாது, நான் சாகற வரைக்கும் நீ என் புருஷன்தான்!" என்று சிரித்தாள்.

சாகிற வரைக்கும்!

"யாரு போன்ல?"

குரல் முதுகுக்குப் பின்னால்! போனைத் துண்டிக்காமலே மேஜையில் வைத்தாள்.

"ரா... ராங் நம்பர். எனக்குக் கண்ணு மங்குது ரொடெல். நீயே திருப்பிப் படியேன்."

அவன் முகம் மாறியது.

"நீ திருப்பு."

"ஏன்... நீ தொட மாட்டியா?"

"திருப்புடீ!"

பாய்ந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டியை நோக்கி இழுத்தான். விரல்களுக்கும் தகரத்துக்கும் நடுவே அரிசி நுழையும் இடம்தான்...

"ஐயோ! விடு!"

இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உதறினாள்.

தரையெல்லாம் சோப்புத் தண்ணீர்! ரப்பர் செருப்பு சர்ரென்று வழுக்கியது. ஒன்று பறந்தது. வெறுங்கால் ஈரத்தில் பதிந்தது. விழாமலிருக்க அவன் கை எதையோ பற்றியது...

பெட்டியை!

வீட்டு விளக்கு ஒருமுறை மங்கி, மறுபடி எரிந்தது.

போனில் அலறலைக் கேட்ட நோனோய், போலீசோடு வந்து சேர்ந்தான். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"வேணும்னே தகரத்துல கரண்ட் கம்பியைக் கட்டியிருக்கார் சார். முதல் தடவை தப்பாக் கட்டினதுலதான் பழைய போர்டு கருகியிருக்கு. அதை மறைக்க வேற போர்டு போட்டார். பழைய லைசென்ஸ் அதுல ஒட்டலை."

மரிசெல்லின் தோளில் போர்வையைப் போர்த்திய இன்ஸ்பெக்டர், தரையில் துணி மூடிக் கிடந்தவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எப்படி ஒட்டும்? நம்ம ஊர்ல கல்யாண லைசென்ஸே இன்னொரு போர்டுக்கு மாறாதேப்பா!"