காருக்கு வந்த போன்

அந்தக் காருக்கு வயது பதினாறு. பின்கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடும். இடதுபக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. அப்படிப்பட்ட காரில் போன வாரம் அப்பா ஒரு புத்தம்புது ஸ்கிரீனை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கந்தல் சட்டைக்குத் தங்கப் பொத்தான்," என்றாள் அம்மா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது. எடுக்காவிட்டால் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதற்காகத்தான் இந்த ஸ்கிரீன். சாவியைத் திருப்பினால் போதும், அப்பாவின் போன் தானாகவே அதோடு சேர்ந்துகொள்ளும். பாட்டு, வழிகாட்டும் வரைபடம், வருகிற அழைப்பு எல்லாம் காரின் ஸ்பீக்கரில் கேட்கும், அங்கிருந்தே பதிலும் பேசலாம்.

"போன் வீட்டுக்குள்ள இருந்தாக்கூட இது மோப்பம் பிடிச்சுடும்," என்று அப்பா பெருமைப்பட்டார். "ஆனா ஒண்ணு. சாவி மேல யாரும் கை வைக்கக் கூடாது."

யாரும் என்று சொன்னாலும் அவர் பார்த்தது மகளைத்தான்.

மகளுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பல் துலக்கும்போது தொடங்கும் பேச்சு, தூங்கும்போதும் முழுசாக நிற்காது. அவளுக்கு ஒரு தம்பி உண்டு. ஐந்து வயது, சுண்டு என்று பேர்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், ஆறு மணி நேரப் பயணம். இதற்கு முன் மூன்று தடவை புறப்பட்டு, மூன்று தடவையும் அம்மாவுக்கு முடியாமல் நின்றுபோனது. அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கிட்னியில் கோளாறு. வேளை தவறாமல் மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. இந்த மாதப் பரிசோதனைக்கு நேற்றுத்தான் ரத்தம் கொடுத்திருந்தாள். கால்கள் வீங்கி, செருப்பின் வாரைக்கூடப் போட முடியவில்லை.

"இந்தத் தடவை போயே தீரணும்," என்றாள் அம்மா. "எனக்கும் நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு."

பைகள் ஏறிவிட்டன. பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். சாவியைக் காரிலேயே தொங்கவிட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்த அப்பா உள்ளே போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, பாட்டு போடு," என்றான் சுண்டு.

"அப்பா வரட்டும்."

"ஒரே ஒரு பாட்டு. சின்னப் பாட்டு."

ரேடியோ வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. முன்பக்கம் எட்டி, சாவியைப் பாதி திருப்பினாள். ஸ்கிரீன் கண்ணைத் திறந்தது. அப்பாவின் போன் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வந்தது.

பாட்டு வரவில்லை. ஒரு ஆண்குரல் வந்தது.

"ஹலோ, இப்போ கேக்குதா?"

அது டாக்டரின் குரல். அம்மாவைப் பார்க்கும் டாக்டர். வீட்டுக்குள் அப்பா போனை எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அழைப்பைக் கார் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

'டாக்டர், இது நான்' என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாயே மூடாத பிள்ளைக்கு அன்று வாய் திறக்கவில்லை. திறந்தபோது ஒரு "ம்" மட்டும் வந்தது.

"லேப்ல இருந்து ரிசல்ட் வந்திருக்கு. நிதானமா கேளுங்க," என்றார் டாக்டர். "ரெண்டு கிட்னியும் நின்னு போற நிலைமையில இருக்கு. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறிப் போச்சு. இந்த அளவுக்கு ஏறினா இதயம் திடீர்னு நின்னுடலாம். பயமுறுத்தல, உள்ளதைச் சொல்றேன். நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க. அரைமணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க. பழம், ஜூஸ் எதுவும் வேண்டாம். அதுலயும் இந்தப் பொட்டாசியம் இருக்கு. இனிமே மெஷின் வெச்சுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், அதை நேர்ல பேசலாம். நான் இப்ப ஒரு ஆபரேஷனுக்குள்ள போறேன், போன் எடுக்க முடியாது. புரிஞ்சுதா?"

"ம்," என்றாள் ரேடியோ.

"சீக்கிரம்." குரல் நின்றது.

அவள் சாவியைப் பழையபடி திருப்பினாள்.

"அக்கா, யாரோட இதயம் நின்னுடும்?" என்று கேட்டான் சுண்டு.

"யாரோடதும் இல்ல. வாயை மூடு."

அப்பா போனை உதறிக்கொண்டே வெளியே வந்தார். "டாக்டர் கூப்பிட்டார். எடுத்தா ஒரு சத்தமும் இல்ல. ஹலோ ஹலோன்னு தொண்டை வத்துனதுதான் மிச்சம். திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறார்."

"என்னவாம்?" என்றாள் பின்னால் வந்த அம்மா.

"ரிசல்ட் நல்லா இருக்குன்னு சொல்லத்தான் இருக்கும். மோசமா இருந்தா விடுவாரா? மறுபடி கூப்பிட மாட்டாரா?"

ரேடியோவுக்கு மட்டும் தெரியும். டாக்டர் ஏன் மறுபடி கூப்பிடப் போகிறார்? அவர்தான் சொல்லிவிட்டாரே. கேட்ட ஆள் "ம்" என்று சொல்லிவிட்டதே.

கார் கிளம்பியது.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தாள். சாவியைத் தொட்டது தெரிந்துவிடும் என்பது ஒரு பயம். பயணம் நாலாவது தடவையும் நின்றுவிடும் என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லாமல் இருந்தால் அது உண்மையாக இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு நப்பாசை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன? அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்சீட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா கையில் ஒரு பெரிய பாட்டில் நிறைய ஆரஞ்சுச் சாறு.

"உப்பில்லாம தின்னு நாக்கே செத்துப் போச்சு. ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் ஆகாது," என்றாள் அம்மா.

"அம்மா! எனக்கு!" ரேடியோ பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். வாயில் கவிழ்த்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சட்டையெல்லாம் நனைந்தது.

"அடியே, நாலு பேர் குடிக்கிற பாட்டில் அது! வயிறா, தண்ணித் தொட்டியா?" என்று அம்மா சிரித்தாள்.

அம்மாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சுண்டுவுக்கு வருத்தமாகிவிட்டது. பையைத் துழாவி ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தான். "அம்மா, நீ இதைச் சாப்பிடு."

அம்மா கை நீட்டினாள். அதற்குள் ரேடியோ அதையும் பறித்து வாயில் திணித்துக்கொண்டாள். சுண்டு ஓவென்று அழுதான்.

"என்ன ஆச்சு உனக்கு இன்னிக்கு?" என்று அப்பா கண்ணாடி வழியாக முறைத்தார்.

பையில் இன்னும் ஐந்து பழம் இருந்தது. ஆறு மணி நேரம் இருந்தது. எல்லாவற்றையும் அவளே தின்று தீர்க்க முடியாது. தின்று தீர்த்தாலும் அம்மாவின் ரத்தத்தில் ஏறியது இறங்காது.

"எண்ணூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்," என்றது ஸ்கிரீன். இடதுபுறம் மலைப்பாதை. அதில் ஏறினால் ஆஸ்பத்திரி கிடையாது. பாதி தூரத்துக்குப் போன் சிக்னலும் கிடையாது.

"அப்பா, நிறுத்துங்க."

"இன்னும் பத்து நிமிஷத்துல ஒரு கடை வரும்."

"இப்பவே நிறுத்துங்கப்பா!"

அப்பா ஓரம்கட்டினார். கதவைத் திறந்து இறங்கியவள் நிஜமாகவே வாந்தி எடுத்தாள். அப்பா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு குடிச்சா வராம என்ன செய்யும்?"

ரேடியோ அவர் கையைப் பிடித்துக் காரின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் சாவியைத் தொட்டுட்டேன்பா. டாக்டர் பேசுனது காருக்குள்ள வந்துடுச்சு. நான் கேட்டேன்."

அப்பா திட்டவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தார். "என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அவள் சொன்னாள். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை என்று அப்படியே சொன்னாள். பொட்டாசியம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, அதையும் சரியாகச் சொன்னாள். அரைமணி நேரம் என்று சொன்னபோது அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. காரின் டிக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே," என்றார். "தாங்க மாட்டா."

காரில் ஏறியதும், "டாக்டர் ஏதோ கையெழுத்து கேட்டிருந்தார், ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாம்," என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். திரும்பு திரும்பு என்று ஸ்கிரீன் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அப்பா அதை அணைத்துவிட்டார்.

எமர்ஜென்சி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. அம்மாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு நர்ஸ் வேகமாக நடந்தாள், இன்னொருத்தி ஓடினாள். கதவு மூடியது.

பெஞ்சில் சுண்டு அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டான். "அம்மாவை என்ன பண்றாங்க?"

"ஒரு மெஷின் அம்மாவோட ரத்தத்தைக் கழுவித் திரும்பக் குடுக்கப் போகுது."

"சோப்புப் போட்டா?"

"சோப்பெல்லாம் இல்ல."

"வலிக்குமா?"

"தெரியலடா," என்றாள். வலிக்காது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. போன்ல நீங்க வெறும் 'ம்'னு சொன்னப்போ எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"அது நான் இல்ல டாக்டர்," என்றார் அப்பா. "இவ. நாங்க மலைக்குக் கிளம்பிட்டோம்."

டாக்டர் மலை இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார்.

சாயங்காலம் அம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தோரம் ஒரு குழாய், அதைச் சுற்றி வெள்ளைக் கட்டு. போனில் பேசிய பெரியம்மா, "ஒண்ணுமில்லடி, சரியாயிடும்," என்றாள். நர்ஸும் ஒண்ணுமில்ல என்றாள். அப்பா அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு, சுண்டுவையும் கூட்டிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுமில்லாததுக்கா கழுத்துல ஓட்டை போடுவாங்க? நீ சொல்லு. காலையிலிருந்து நீ சரியில்ல. உனக்கு ஆரஞ்சே பிடிக்காதே."

"அப்பா சொல்லக் கூடாதுன்னார்."

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ரேடியோ யோசித்தாள். அந்தப் போன் அப்பாவுக்கு வந்தது, காருக்குள் போனது, அவள் காதில் விழுந்தது. பெரியம்மாவுக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும். யாரைப் பற்றிய செய்தியோ அந்த ஆளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இது நியாயமே இல்லை என்று அவளுக்குப் பட்டது.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். இதயம் பற்றிச் சொன்னதையும் விடவில்லை.

அம்மா அழுதாள். ரேடியோவும் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இனிமே மெஷின்தானா? எப்பவுமா?"

"எப்பவும்னு அவர் சொல்லலம்மா. இனிமேன்னுதான் சொன்னார். மீதியை நேர்ல பேசலாம்னார்."

"சரி," என்று அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கேக்கறதுக்கு இன்னும் இருக்கு."

மாத்திரைப் பையோடு வந்த அப்பா, இருவரின் கண்ணையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "சொல்லிட்டியா?"

"அவளைத் திட்டாதீங்க," என்றாள் அம்மா. "டாக்டர்கிட்ட என் நம்பரைக் குடுங்க."

"உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

"கஷ்டம் எனக்குத்தானே வந்திருக்கு? போனும் எனக்கே வரட்டும்."

அப்பா போனை எடுத்து அம்மாவின் நம்பரை டாக்டருக்கு அனுப்பினார்.

அதன்பின் வாரத்தில் மூன்று நாள் மெஷின். அம்மா இளைத்துப் போனாள். சில நாள் பேசக்கூடத் தெம்பிருக்காது. பெரியம்மா வீட்டுப் பயணத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் போனையும் அந்த ஸ்கிரீனில் சேர்த்து வைத்தார்.

மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது கார் முழுக்க மணி அடித்தது. ஸ்கிரீனில் டாக்டரின் பெயர். அன்று காலை எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டாக இருக்கும். பின்சீட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் அப்பாவின் கை ஸ்கிரீன் பக்கம் போனது, பாதியில் நின்றது, திரும்ப ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அம்மா விரலை நீட்டிப் பச்சை வட்டத்தைத் தொட்டாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள். "நான்தான் பேசறேன்."