காற்று இல்லாத படம்

காலை பதினொரு மணிக்கு, நெய்வேலி கடைத்தெருவை ஒட்டிய ஸ்கேன் சென்டரில் அந்த ஆள் டாக்டர் சீட்டை நீட்டினான். பெயர் வளவன், வயது முப்பத்து நான்கு. ஆறு வருடமாகச் சைனஸ். வேலைக்கான மெடிக்கலுக்கு முன், கன்னத்து எலும்புப் பொந்துகளில் சுண்ணாம்பு படிந்த கட்டி இருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தான். அறையில் ஈரமண் வாசனை. ஏசி தண்ணீர் எங்கோ ஒழுகுகிறது என்று ஸ்கேன் எடுக்கும் எழில்மதி நினைத்துக்கொண்டாள்.

எட்டு வருடமாக அவள் இந்த எந்திரத்தோடுதான் இருக்கிறாள். முகத்துக்குள் காற்று இருக்கும் இடமெல்லாம் படத்தில் கறுப்பாகத் தெரியும். கட்டி வெள்ளைப் புள்ளியாக.

அவனைப் படுக்கவைத்து எடுத்த படத்தில் கறுப்பே இல்லை.

மூக்கு, கன்னம், நெற்றி, தொண்டை எல்லாம் வெள்ளை. மூச்சு போக ஒரு நூல் வழிகூட இல்லை.

கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் படுத்திருந்த மேசை காலி.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே வந்தவனுக்கும் அதே முகம், கையில் அதே சீட்டு. கூட அவன் மனைவி மணிமொழி.

"இப்பதானே எடுத்துட்டுப் போனீங்க?"

"இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்கறோம் மேடம்," என்று சிரித்தாள் மணிமொழி.

"மெடிக்கலுக்காக ஆள் மாத்தி அனுப்புறீங்களா? அண்ணன் தம்பி யாராவது?"

"இவருக்கு ஒரே அண்ணன், இளம்பரிதின்னு. கெணறு தோண்டறப்ப மண்ணு சரிஞ்சு போய்ட்டாரு. சொரங்கத்துக்கு நெலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலை, அது அவரு பேர்லதான் வந்துச்சு. இப்ப இவருக்கு. திங்கக்கெழம மெடிக்கல் பாஸானா பர்மனென்ட்."

வளவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணுக்கு உள்ளார இருந்து அண்ணன் கூப்ட்டுக்கினே இருந்தான், மொழி," என்றான் மெதுவாக. "ரொம்ப நேரம். நான் யாரையும் கூப்டல."

மணிமொழி முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள், கல்யாணமான புதிதில் துடைத்ததுபோல.

"தெரியுங்க. தெனம் தூக்கத்துல சொல்லிக்கினுதான இருக்கீங்க. போய்ப் படுங்க."

படுத்தான். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. தாடை. மேல்வாய். கன்னத்தில் கறுப்புப் பொந்துகள், வலது பக்கம் மட்டும் அரிசி அளவு வெள்ளை.

"சின்னதுதான். ஆபரேஷன்ல எடுத்துடலாம், வேலைக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் எழில்மதி.

மணிமொழி கைகூப்பினாள்.

அடுத்த படத்தில் கறுப்பு பாதிதான் இருந்தது.

அதற்கடுத்ததில் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் வளவனின் கால்கள் இரண்டு முறை உதைத்தன. எழில்மதி ஓடிப்போய் மேசையை வெளியே இழுத்தபோது, அவன் மூக்கிலிருந்து மண் உதிர்ந்தது.

மணிமொழி அவன் மார்பை உலுக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சு இல்லை. பிறகு, மிக மெல்லக் கேட்டாள்.

"அந்த வேலை இனிமே எனக்குத்தான மேடம் வரும்?"

வரவேற்பில் இருக்கும் ஹரிணி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மேடம், அடுத்த சீட்டு வந்துடுச்சு. மணிமொழின்னு பேரு. ஆனா யாரோ ஒரு ஆம்பள, மேலெல்லாம் ஈரமண்ணோட உக்காந்துக்கினு இருக்காரு."