தூர்த்த குழிகள்

அறையின் தரைக்குக் கீழே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் லியூ பொருட்படுத்தவில்லை. சைகோன் திரும்பும் ரயிலில் இன்றும் இடமில்லை என்று நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்த அரசு விடுதியில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. நாம் தின் என்ற இந்த வடக்கு வியட்நாம் நகரத்தின் ஓயாத தூறலோ துணியைக் காயவிடாமல், சுவர்களில் வியர்வையாக வழிந்து, நிலக்கரி அடுப்பின் புகையையும் பூஞ்சை வாடையையும் தலையணை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். தட்டல் நிற்கவில்லை. ஆள் இருப்பது தெரிந்து, பொறுமையாகத் தட்டுகிற தட்டல்.

வரவேற்பு மேசையில் விடுதிப் பணிப்பெண் ஹான் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் ரூம் கீழ்த்தளத்துல, அதுக்கும் அடியில யாரோ தட்டுறாங்க."

"தண்ணிக் குழாய்மா."

"தண்ணியே வரலையே! குழாய் எப்படித் தட்டும்?"

"தெக்கத்திக்காரங்களுக்கு எல்லாத்துலயும் குறைதான். வியாழக்கிழமை விடுதி மேனேஜர் வருவாரு, அவர்கிட்ட சொல்லு."

"வேற ரூமாவது குடுங்க."

"அங்கயும் தட்டும்." ஹான் விதைத்தோலைத் துப்பினாள். "நீ பதிலுக்குத் தட்டாம இருந்தா சரி."

"தட்டாம? செருப்பால நாலு சாத்து சாத்திட்டுத்தான் வந்தேன்!"

ஹானின் கை பாதி வழியில் நின்றது. அவள் எழுந்தாள். வெளியே ஓடினாள்.

"அக்கா! எங்க போறீங்க?" கத்திக்கொண்டே லியூ பின்னால் ஓடினாள்.

நடைபாதையில் வட்ட வட்டமாகச் சிமெண்ட் மூடிகள். போரின்போது குண்டுவீச்சுக்குத் தப்ப, ஒவ்வொருவராக இறங்கிக்கொள்ள வெட்டிய குழிகள். போர் முடிந்ததும் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். நேற்றுகூட அவற்றை மிதித்துக்கொண்டுதான் நடந்தாள். இப்போது எல்லாம் மண் இல்லாமல் திறந்திருந்தன. நூடுல்ஸ் கடைக்காரி இறங்கினாள். முடிவெட்டுபவர், சவரக்கத்தி கையிலிருக்க, இறங்கினார்.

ஹான் கழுத்துவரை இறங்கியிருந்தாள்.

"அக்கா, நானும்..."

"ஒருத்தருக்குத்தான்மா இடம்."

மூடி விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

வெறும் தெரு. அடுப்பில் எலும்புச்சாறு தளதளவென்று கொதித்தது. சாய்ந்து கிடந்த சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. லியூ ஒவ்வொரு மூடியாக இழுத்தாள். உள்ளிருந்து விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

மேகத்துக்கு மேலே ஒரு விமானத்தின் முனகல். தூரத்தில். பிறகு அருகில்.

தெருக்கோடியில் ஒன்று மட்டும் மூடப்படவில்லை. ஓடினாள். மண்டியிட்டுக் குனிந்தாள்.

உள்ளே மண். மண்ணுக்குள் ஒரு முகம். அதன் வாயிலும் மண். அருகே ஒரு கை, அதே பொறுமையோடு தட்டிக்கொண்டிருந்தது.

அது மெல்ல ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டது.