‘ம்’ என்றால் போடு

சின்னராசு, வயது பத்தொன்பது, மலையடிவாரத்தில் சொந்தக் காடு வைத்து உழுகிற குடும்பத்துப் பையன். இப்போது இருப்பது கொல்லிமலை குண்டூர் நாட்டில், ஒரு பாறைக்குக் கீழே போட்ட கீற்றுக் கொட்டகையில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஐப்பசி. பலகையில் அறைந்திருந்த சுவிட்சின் மேல் அவன் கை இருந்தது. மேலே பாறையிலிருந்து ‘ம்’ என்று ஒரு குரல் வந்தது.

ஆனால் மேலே மிஷின் பிடிக்க வேண்டிய மாதன் இன்னும் பாறைக்கு ஏறவே இல்லை. கொட்டகை வாசலில் நின்று, வாய்க்குக் கட்டத் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப ம்-ன்னீங்களா மாதண்ணா?”

“துண்டப் பிழியறேன் தம்பி. இந்தப் பனியில காக்கா கத்துனாக்கூட உனக்கு ம்-ன்னுதான் கேக்குமாட்ட இருக்குது.” மலைக்காரரான மாதன் சிரித்தார். “ஒயர முழுசாத் தடவிப் பாத்துட்டு, மிஷினுக்கு எண்ணெ உட்டுட்டு அப்பறமாச் சொல்றேன். அதுவரைக்கும் சுவிட்சத் தொடாத சாமி.”

அவர் நாலடி ஏறியதும் பனி அவரை விழுங்கிக்கொண்டது.

பாறைக்குள் என்ன தாது கிடக்கிறது என்று பார்க்க வந்த கம்பெனியில் அவர்களுக்கு வேலை. கரண்டில் இடித்துத் துளைக்கும் மிஷினை எட்டுப் பேர் தோளில் தூக்கி மலையேற்றியிருந்தார்கள். டைனமோ தூரத்துப் பள்ளத்தில் முனகும். ஒயர் கொட்டகைச் சுவிட்சு வழியாகப் பாறைக்கு ஏறும். மிஷினிலேயே இருந்த சுவிட்சு துருவேறி இறுகிப்போனதால் போடுவதும் அணைப்பதும் கொட்டகையில்தான். கல்தூளுக்குப் பயந்து மேலே இருப்பவர் வாயை இறுக்கிக் கட்டியிருப்பார். ‘ம்’ ஒன்றுதான் வெளியே வரும். ‘ம்’ என்றால் போடு. ஒயரை இரண்டு முறை இழுத்தால் அணை.

அப்படி இழுத்து இழுத்தே பாறை விளிம்பில் ஒயரின் தோல் தேய்ந்திருந்தது. ஆறு நாளைக்கு முன் அதை முதலில் பார்த்தவன் செங்கோடன், சின்னராசின் அண்ணன். இரண்டு முறை இழுத்தான். சின்னராசு அணைத்தான். தேய்ந்த இடத்தில் துணி சுற்ற அண்ணன் உட்கார்ந்திருக்க வேண்டும், ஈரக் கையோடு. பனியில் எதுவும் தெரியவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் சின்னராசு கத்தினான்:

“அண்ணா, ஆத்தா எனக்குப் பொண்ணு பாக்கறாளாமா! மூத்தவன் நீ இருக்கறப்ப எனக்கென்ன அவசரம்?”

‘ம்.’

“என்ன ம்? பொறாமையா?”

‘ம்.’

கதை கேட்கிறவன் கொட்டும் ‘ம்’மா? வேலைக்கான ‘ம்’மா? யோசிப்பதற்குள் பழகிய கை சுவிட்சைப் போட்டுவிட்டது.

ஈரத்தில் கரண்டு அடித்துவிட்டது என்றார் மேஸ்திரி ஆறுமுகசாமி. சுவிட்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இழவு வீட்டில் ஆத்தா பாவாயி மட்டும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “கடைசியா எம்பையன் என்ன கண்ணு சொன்னான்?”

பனி இப்போது கீற்றின் இடுக்குகளில் ஒழுகி உள்ளே வந்து, நனைந்த கல்லின் வாடையையும், மிளகுக் கொடியின் பச்சை வாடையையும், அவற்றுக்கு அடியில், ஆறு நாள் மழையும் கழுவிப் போகாத கருகிய ரப்பர் வாடையையும் அவன் மூக்கருகே கொண்டுவந்து நிறுத்தியது. டைனமோ முனகிக்கொண்டே இருந்தது. பாறையில் மாதனின் கால் உராயும் சத்தம், எண்ணெய்ப் புட்டி கல்லில் வைக்கும் சத்தம்.

‘ம்.’

கை தானாக எழுந்தது. பிடித்து நிறுத்தினான். கடைசியில் மூக்கால் அழுத்தி முடிகிற ‘ம்’. சின்ன வயதிலிருந்து அண்ணனோடு ஒரே பாயில் படுத்துக் கேட்டது.

‘ம்.’

இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

“தம்பி!” மேலிருந்து மாதன். வாயில் துண்டு இல்லை, குரல் தெளிவாக வந்தது. “எங்கை ஒயரு மேல இருக்குது. நான் இன்னம் சொல்லல. இங்க யாரு ம் கொட்டறது?”

‘ம். ம்.’

சின்னராசு சுவிட்சிலிருந்து பாறைக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். “எறங்கி வாங்க மாதண்ணா! எறங்கி வாங்க!”

மாதன் இறங்கி வந்தார். நிற்கவில்லை. அவனைத் தாண்டி, சரிவில் விழுந்து எழுந்து ஓடினார்.

அவனும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

ஏறினான். பாறை குளிர்ந்திருந்தது. மிஷின் படுத்துக் கிடந்தது. இதுவரை போட்ட துளைகள், விரல் நுழையும் அளவில், முப்பத்தெட்டு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றில் காதை வைத்தான். உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

“அண்ணா.”

‘ம்.’

“ஆத்தா சோறே திங்கறதில்ல.”

‘ம்.’

கேட்டுவிட்டான்.

“அண்ணா, நாந்தான் உன்னயக் கொன்னனா?”

பக்கத்துத் துளை, ‘ம்.’ அதற்கடுத்தது. பாறை முழுக்க. முப்பத்தெட்டும்.

‘ம்.’

அண்ணன் ஆமாம் என்கிறானா? சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறானா? மறுபடியும் கேட்டான். மறுபடியும் ‘ம்’. சின்னராசு இன்னும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், அவன் உங்களிடமும் அதையேதான் கேட்பான். தயவுசெய்து வாயைத் திறந்து, முழு வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.