முட்டை வழிந்த பேரரசர்

ரோமில் பொழுது விடிந்ததற்கு அடையாளம் சேவல் கூவுவது அல்ல. சக்கரச் சத்தம் நிற்பதுதான். பகலில் நகருக்குள் வண்டி ஓட்டினால் வண்டியும் போகும், முதுகுத் தோலும் போகும். இரவெல்லாம் கடகடத்த வண்டிகள் ஓய்ந்து ஊர் மூச்சு விட்ட கொஞ்ச நேரத்தில், குடல்கறி விற்கும் ஹெர்மெரோஸ் விபென்னாவின் கதவை உடைப்பதுபோல் தட்டினான்.

விபென்னா இராக்காவல் படையில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பல பேரரசர்களின் கீழ் வேலை பார்த்தும் அவருடைய தலை கழுத்தின் மேலேயே இருந்தது. அதையே ஊரார் பெரிய துப்பறியும் திறமை என்று மெச்சினார்கள். அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் நண்பர் நிகான், கிரேக்க வைத்தியர். நோயாளிகள் சீக்கிரம் குணமானார்கள், அல்லது வேறு விதமாக முடிந்தார்கள். எப்படியோ நிகானுக்கு எப்போதும் ஓய்வு இருந்தது.

"ஐயா, வெத்திலியுஸ் எஜமானை யாரோ குத்திப் போட்டுட்டாங்க!" என்றான் ஹெர்மெரோஸ். "வீட்டு அடிமைங்க அத்தனை பேரையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்காங்க. என் பொண்டாட்டி நெபெலேயும் அதுல இருக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு நீதிபதி சொல்றாராம்."

நிகான் ரொட்டியைக் கீழே வைத்தார். எஜமான் தன் கூரைக்குக் கீழே கொல்லப்பட்டு, கொன்றது வெளியாள் என்று காட்ட முடியாமல் போனால், அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்த அடிமைகள் எல்லாருக்கும் சிலுவை. சமையற்காரன், குழந்தைக்குப் பால் கொடுப்பவள் என்றெல்லாம் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஹெர்மெரோஸ் விடுதலை பெற்றவன். வேறு வீட்டில் படுத்ததால் பிழைத்தான்.

பின்வாசல் வழியாக நுழையும்போது நிகான் ஒரு பயண வண்டியின் மேல் மோதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

"இது யாரோட தேர்?"

"செத்தவரோட மச்சான், கல்வென்தியுஸ் ஐயாவோடது. ஒலிவத் தோப்பு வழக்குல எஜமான்கிட்ட தோத்தாரே, அவர். பண்ணையிலேருந்து காலையில வந்து சேர்ந்தாராம். வந்ததுலேருந்து மாரடிச்சு அழுதுக்கிட்டிருக்கார்," என்றான் ஹெர்மெரோஸ்.

விபென்னா சக்கரத்தை ஒரு முறை பார்த்தார்.

விருந்துக் கூடத்தில் வெத்திலியுஸ் சாய்மஞ்சத்தில் கிடந்தார், கழுத்தில் கத்தியோடு. பக்கத்து மாடத்தில் பேரரசரின் பளிங்குத் தலை. அதன் மேல் மஞ்சத்து விரிப்பைப் போட்டு யாரோ முகத்தை மூடியிருந்தார்கள். நிகான் இழுத்தார்; துணி வரவில்லை. பலமாக இழுத்தபோது சரக்கென்று பிய்ந்தது. பேரரசரின் மூக்கிலிருந்து தாடை வரை மஞ்சள் கரு வழிந்து காய்ந்திருந்தது. துணியின் உட்பக்கத்திலும் அதே மஞ்சள்.

நிகான் குதித்தார். "கொன்னவன் முகத்தை மூடிட்டுத்தான் கொன்னிருக்கான்! போன மாசம் இந்த மாதிரித் தலைக்கு முன்னால உள்ளாடை மாத்தினவனைக் கழுத்தை நெரிச்சாங்களே, மறந்துட்டீங்களா? பேரரசர் பார்க்கக் கொலை பண்ணினா ராஜத் துரோகம். சொத்தெல்லாம் பறிபோகும்!"

"அடிமை மூடியிருக்க மாட்டானா?"

"அவனுக்கு ஏது சொத்து? எப்படியும் சிலுவை, ஒருத்தனை ரெண்டு தரம் அறைய முடியாதே. அடிமைக்கு இந்தத் தலை பயம் இல்லைய்யா, அடைக்கலம்! அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா எந்தச் சிப்பாயும் தொடக்கூடாது. ஆக, சொத்துக்காரன். ஆக, வாரிசு. செத்தவரோட அண்ணன் மகன் ருஃபியோ!"

"பாதி சரி, வைத்தியரே. பரவாயில்ல, வழக்கத்தைவிடப் பாதி அதிகம்," என்றார் விபென்னா.

நீதிபதி அதற்குள் அந்தக் கூடத்திலேயே இடம் போட்டு, ஒலிவக் கொட்டைகளைத் தட்டில் துப்பிக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் சிலுவை மரங்களை இறக்கும் சத்தம் கேட்டது. ஒரு மூலையில் கயிற்றோடு நின்ற அடிமைகளில், விபென்னா கேட்டுக்கொண்டதால் நெபெலேயை மட்டும் அவிழ்த்து முன்னால் நிறுத்தினார்கள்.

"பயப்படாம சொல்லும்மா. நேத்து என்ன குடிச்சே?"

நெபெலே புருஷனைப் பார்த்தாள். "நல்ல மது ஐயா, எஜமான் குடிக்கிற மது. விருந்து நடுவுல சேதி வந்துச்சு, வடக்கே போன பேரரசர் செத்துட்டார், படை புதுசா ஒருத்தரைப் பேரரசர் ஆக்கிடுச்சுன்னு. எஜமான் மேசை மேல ஏறி ஆடினார். எங்களுக்கெல்லாம் அவரே ஊத்தினார். ருஃபியோ ஐயா ஒரு முட்டையை எடுத்து அந்த மூக்குல அடிச்சார். புதுத் தலை காலையில வரும், அதுவரைக்கும் இவன் நாறட்டும்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் வாசல் காவல்காரன்லேருந்து எல்லாரும் போதையில விழுந்துட்டோம்."

அங்கேயே நின்ற ருஃபியோ வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினான். "குறி தப்பலை. நல்ல அடி."

விபென்னா நீதிபதியின் பக்கம் திரும்பினார். "பெருமானே, துணியோட உள்பக்கம் முட்டை. அதனால முட்டைக்கு அப்புறம்தான் மூடியிருக்கு. முட்டை அடிச்சவங்களுக்கும் பார்த்துச் சிரிச்சவங்களுக்கும் இந்தத் தலை வெறும் கல்லு. செத்துப்போன பேரரசர் முகத்தை எவன் பயந்து மூடுவான்? மூடினவனுக்குச் சேதி தெரியாது. இப்போ இந்த வீட்ல இருக்கிறவங்கள்ல நேத்து அந்தச் சேதி கேக்காத ஆள் யாரு?"

எல்லாக் கண்களும் கல்வென்தியுஸின் மேல் போய் நின்றன. அவன் அழுகை பாதியில் நின்றது.

"நான் விடிஞ்சப்புறம்தானே வந்தேன்!"

"வந்தீங்க, சரி. வண்டி எப்படி வந்துச்சு? விடிஞ்சப்புறம் ரோமுக்குள்ள சக்கரம் உருளாதே. ராத்திரியே வந்துட்டீங்க. வாசல்ல கேக்க ஆள் இல்ல. ஒலிவத் தோப்பு வழக்குல உங்களைத் தோக்கடிச்சவர் தூங்கிக்கிட்டிருந்தார். முகத்தை மூடினீங்க, குத்தினீங்க. அதுக்குள்ள விடிஞ்சுடுச்சு, வண்டியை வெளியே எடுக்க முடியலை. அதனால அழ ஆரம்பிச்சிட்டீங்க."

கல்வென்தியுஸ் முழங்காலில் விழுந்தான். "என் தோப்பைத் தின்னவன் அவன்!" என்று கத்தினான்.

நீதிபதி ஒரு கொட்டையைத் துப்பினார். "நல்லது. இவனைக் கட்டு. அடிமைகளை அவிழ்."

நெபெலே சிரித்தாள். ஹெர்மெரோஸ் அவளை நோக்கி ஓடி, பாதி தூரம் வந்திருப்பான். அப்போது ஓர் அரண்மனைத் தூதன் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"பேரரசர் சாகலை! குதிரையிலேருந்து விழுந்து கால் சுளுக்கு, அவ்வளவுதான். புதுசா வந்தவனோட தலையை ஈட்டியில வச்சு எடுத்துட்டு வர்றாங்க. பொய்ச் சேதி கேட்டுச் சிரிச்சவங்க பேரையெல்லாம் கேக்கறாங்க."

நீதிபதி எழுந்தார், மாடத்திலிருந்த தலைக்கு வணக்கம் சொன்னார், மறுபடி உட்கார்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"கல்வென்தியுஸ், எழுந்திரப்பா. இந்த வீட்ல பேரரசருக்கு மரியாதை வச்சவன் நீ ஒருத்தன்தான். நீ கொன்னது ஒரு துரோகியை. துரோகியோட சொத்துல கால் பங்கு உனக்கு. ருஃபியோவை வாசல்லயே வெட்டுங்க. துரோகம் குடிச்ச அடிமைகளுக்குச் சிலுவை." பிறகு அன்பாகச் சொன்னார்: "சாட்சியெல்லாம் உம்மாலதானே கிடைச்சுது, விபென்னா. பிரமாதம்."

நிகான் நண்பரின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த முகம் வெளுத்து அவர் பார்த்ததில்லை. விபென்னா வாயைத் திறந்தார். குரல் மட்டும் எப்போதும்போல நிதானமாக இருந்தது.

"பொண்ணே, பேரரசர் மூக்குல முட்டை இருக்கு பாரு. நல்லாக் கட்டிப் பிடிச்சுத் துடைச்சு விடு."

நெபெலே ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம் மாடத்தின் மேல் பாய்ந்து தலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஓடி வந்த சிப்பாய்கள் கை நீட்டிய இடத்திலேயே நின்றார்கள். கயிற்றில் கட்டப்பட்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே உடம்பாக மாடத்தை நோக்கிச் சாய்ந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவிழ்ந்திருந்தவை அவள் கைகள் மட்டும்தான். தலையும் ஒன்றுதான் இருந்தது.

சாயங்காலம் அவள் பளிங்கைத் தூக்க, அவளை ஹெர்மெரோஸ் தூக்கிக்கொண்டு வீடு போனான். வழியின் இரு பக்கத்துச் சிலுவை மரங்களிலிருந்தும் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டு வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள். அவள் தலையை என்றைக்குக் கீழே வைக்கிறாள் என்று பார்க்க. ஹெர்மெரோஸ் ஊட்டிவிட்டான். இரவில் அவர்கள் நடுவே பேரரசர் படுத்தார்.

குளிர்காலத்தில் பேரரசர் நிஜமாகவே செத்தார். விபென்னாவும் நிகானும் சிற்பியிடமிருந்து புதுத் தலையைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். வாசலில் சிப்பாய் வாளை உருவிக்கொண்டு எட்டிப் பார்த்தான். புதியவர் அவள் மடியில் உட்கார்ந்த பிறகுதான் பழையவர் இறங்கினார்.

நெபெலே புதுத் தலையின் மூக்கைத் தடவிப் பார்த்தாள். "இவருக்கு உடம்பு எப்படி இருக்காம், வைத்தியரே?"

நிகான் முதல் முறையாக எதையும் ஊகிக்காமல் இருந்தார்.

"அடுத்த தலைக்கும் சொல்லி வச்சிட்டேன்மா," என்றார் விபென்னா.