கடல் பக்கமா, பனைப் பக்கமா?

சுருவில் கிராமத்துக் கடற்கரையில், மூங்கில் பொல்லால் பந்தடிக்கும் எல்லே விளையாட்டுக்கு ஒரு பழைய மைதானம் இருந்தது. பல வருடமாக அங்கே எருக்கலையும் நாயுண்ணிச் செடியும்தான் விளையாடின. இந்த ஆவணி விடுமுறையில் மேர்சியும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் பற்றைகளை வெட்டி, கை முழுக்கக் கீறல் வாங்கி, இடத்தைத் துப்புரவாக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை போட்டி. பத்து வயது மேர்சி முதல்முதலாகப் பெரியவர்களோடு விளையாடப் போகிறாள்.

மைதானம் முன்பு எப்படி இருந்தது என்று காட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேர்சியின் பெரியமாமா சவிரிமுத்து. கடற்றொழில் செய்பவர். மற்றவர் நாகமுத்து. கொழும்பில் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். இருவரும் தினமும் பின்னேரம் ஒரே மர வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி இந்த மைதானத்தைப் பற்றியே கதைப்பார்கள்.

"பொல்லோடை நிக்கிறது இஞ்சை, பனைப் பக்கம். கடலைப் பாத்து அடிக்கிறது," என்றார் பெரியமாமா.

"உமக்கென்ன விசரோ? கடல் பக்கம் நிண்டு பனையைப் பாத்தெல்லோ அடிச்சனாங்கள்!" என்றார் நாகமுத்து.

"எனக்குச் சொல்லித் தாறீரோ?"

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

நாகமுத்து சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். "போட்டியும் வேண்டாம், கீட்டியும் வேண்டாம்!" என்று பெரியமாமா மூங்கில் பொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஊரில் இருந்ததே அந்த ஒரு பொல்லுத்தான்.

அன்று பின்னேரம் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. மேர்சிக்கு அழுகை வந்தது. போட்டி போனது ஒரு பக்கம். ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருக்கிற அந்த இருவரையும் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு தடியும் பந்துமாகத் தனியாக மைதானத்துக்குப் போனாள். பெரியமாமா சொன்னபடி பனைப் பக்கம் நின்று அடித்தாள். பின்னாலிருந்து வீசிய ஆவணிமாதச் சோளகக் காற்று பந்தைக் கொண்டுபோய்க் கடலில் போட்டது. இறங்கி எடுத்தாள். மறுபடி அடித்தாள். மறுபடியும் கடல். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

பிறகு கடல் பக்கம் நின்று பனையைப் பார்த்து அடித்தாள். எதிர்க்காற்றில் பந்து தடுமாறி மைதானத்துக்குள்ளேயே விழுந்தது.

அப்படியென்றால் பெரியமாமா சொன்னது பிழையா? அவரிடம் போய் அதைச் சொல்ல மேர்சிக்கு மனம் வரவில்லை. யோசித்தாள். வருடம் முழுவதும் காற்று பனைப் பக்கமிருந்தா வீசுகிறது? மார்கழியில் நத்தார் நேரத்து வாடைக்காற்று கடலிலிருந்தல்லவா வரும்!

ஈரச் சட்டையோடு ஓடினாள்.

"பெரியமாமா, அந்த நாளையிலை நீங்கள் எந்தக் காத்து வீசேக்கை விளையாடினனீங்கள்?"

"வாடைக்குத்தான். சோளகத்துக்கு அப்புவோடை முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போயிடுவம்."

அடுத்த ஓட்டம் நாகமுத்து வீட்டுக்கு.

"நானோ? ஆவணித் திருவிழாவுக்கு வந்து நிக்கேக்கை விளையாடினனான், பிள்ளை. நல்ல சோளகம். மார்கழியிலை அப்பாவின்ரை கடையை விட்டிட்டு வர ஏலாது."

மேர்சி அவரைக் கையில் பிடித்து இழுத்துவந்து பெரியமாமாவின் முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் சரி! காத்து மாறினா ஆக்களும் பக்கம் மாறி நிண்டிருக்கினம். இல்லாட்டிப் பந்து சோளகத்துக்குக் கடலுக்கை, வாடைக்குப் பனைகளுக்கை போயிடும். என்ரை சட்டையைப் பாருங்கோ!"

இருவரும் சட்டையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பொறும் நாகமுத்து," என்றார் பெரியமாமா மெல்ல. "அப்ப நாங்கள் ஒருநாளும் சேர்ந்து விளையாடேல்லையே?"

நாகமுத்து வாயைப் பிளந்தார். "ஒருநாளும் இல்லை! சேர்ந்து விளையாடின மாதிரியெல்லோ இவ்வளவு காலமும் கதைச்சனாங்கள்!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சனிக்கிழமை எல்லோரும் கடல் பக்கம் நின்று அடித்தார்கள். எல்லேயில் பந்து போட்டுக் கொடுப்பவர் அடிப்பவரின் சொந்த அணி ஆள். நாகமுத்து போட்டுக் கொடுத்தார். பெரியமாமா இரண்டு பந்தைக் கோட்டை விட்டு, மூன்றாவதை விளாசினார். அது பனை உயரத்துக்கு எழும்பி, சோளகத்தில் தயங்கி, நேரே எதிரணி மேர்சியின் கைக்குள் விழுந்தது.

"அவுட்!" என்று துள்ளினாள் மேர்சி.

"வாடை வரட்டும், காட்டுறன் உனக்கு!" என்றார் பெரியமாமா.

"வாடைக்கும் பந்து நான்தான் போடுவன்," என்றார் நாகமுத்து.